கோழிக்கு வைத்தது தண்ணீரா, வெந்நீரா?

கத்திரி வெயில் மே 4-ஆம் தேதி வாக்கில் பிறக்கும். அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிறந்த பிறகு எழுதினால், படிக்கிறவர் வீட்டுக் கோழியில் பாதி போயிருக்கும்.

நம்ம பக்கத்தில், அதாவது அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும், அந்தப் பக்கம் பூந்தமல்லி வரைக்கும், மாடியில் நாட்டுக்கோழி வளர்ப்பது இப்போது பெரிய வழக்கமாகிவிட்டது. ரிட்டயர் ஆனவர்கள் வளர்க்கிறார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பையன்கள் வளர்க்கிறார்கள். முட்டை விற்றுக் கைச்செலவைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் வளர்க்கிறார்கள். நல்ல விஷயம். பேரப்பிள்ளைகளுக்கு வீட்டு முட்டை கிடைக்கிறது. மிச்சம் மீதி சோறும் காய்கறித் தோலும் குப்பைக்குப் போகாமல் இருக்கிறது. இதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் கிடையாது.

என் ஆட்சேபம் தண்ணீர் டப்பாவைப் பற்றியது. போன மே மாதம் எங்கள் திருமுல்லைவாயல் தெருவில் மட்டும் மூன்று வீட்டு மாடிகளில் கோழிகள் செத்தன. ஒரு வீட்டில் 14 கோழியில் 9 கோழி, ஒரே மத்தியானத்தில். ஒருவர் வியாதி என்றார். ஒருவர் வெயில் கொடுமை என்றார். ஒருவர் கண் திருஷ்டி என்றே முடிவு கட்டிவிட்டார். மூன்று வீட்டு மாடிக்கும் நான் ஏறிப் பார்த்தேன். மூன்று வீட்டிலும் தண்ணீர் டப்பா நிறைய இருந்தது. தண்ணீர் நிறைய இருக்கும் டப்பாவுக்குப் பக்கத்தில் கோழி தாகத்தில் சாகுமா என்று கேட்பீர்கள். சாகும். ஏனென்றால் டப்பாவில் இருந்தது வெந்நீர்.

அந்த அம்மா என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.

"இன்னா சார் சொல்றீங்க, கோழிக்குத் தண்ணி வெக்காமலா இருப்பேன்? நாலு லிட்டர் டப்பா. காலைல ஆறு மணிக்கு ரொப்பினது. பாருங்க, பாதி கூட காலி ஆவல."

"பாதி கூடக் காலி ஆகலைங்கிறதுதாம்மா விஷயமே" என்றேன்.

40 டிகிரி வெயிலில் 14 கோழி இருக்கிற கூண்டில் நாலு லிட்டர் தண்ணீர் மத்தியானம் வரைக்கும் மிச்சம் இருந்தால், அது தண்ணீர் போதுமானதாக இருந்தது என்று அர்த்தமில்லை. கோழி குடிக்கவில்லை என்று அர்த்தம். ஒரு முட்டைக் கோழி சாதாரண நாளில் ஏறக்குறைய கால் லிட்டர் குடிக்கும். தின்னும் தீவனத்தின் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் என்பது பழைய கணக்கு. கடும் வெயிலில் அது அரை லிட்டருக்குப் போய்விடும். 14 கோழிக்கு ஒரு நாளைக்கு ஏழு லிட்டர். நாலு லிட்டர் டப்பா உச்சி வேளைக்குள் காலியாகி இன்னொரு முறை ரொப்பியிருக்க வேண்டும்.

ஆவடி டேங்க் ஃபேக்டரியில் 34 வருஷம் வேலை பார்த்தவன் நான். சூட்டைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் பழக்கம் கிடையாது. அளந்துதான் சொல்வேன். மறுநாள் மத்தியானம் 2 மணிக்கு ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போய் அந்த டப்பாவில் வைத்தேன். தகரக் கூரை, அதன் கீழே பிளாஸ்டிக் டப்பா. 42 டிகிரி காட்டியது. கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி. கோழியின் உடம்பைவிடத் தண்ணீர் சூடாக இருக்கிறது! உடம்பைக் குளிர வைக்கத்தான் அது தண்ணீர் குடிக்க வருகிறது. ஒரு வாய் வைத்துப் பார்க்கும், தலையை உதறிவிட்டுப் போய்விடும். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். மத்தியானத்தில் மாடி டேங்க் குழாயைத் திறந்தால் கை சுடுகிறதே, அந்தத் தண்ணீரில் கால் கழுவக்கூட நமக்கு மனசு வராது. அதைத்தான் கோழி குடிக்க வேண்டும் என்கிறோம்.

குளிர் தேசங்களில் கோழி வளர்ப்பவர்களுக்கு இதற்கு நேர் எதிரான தொல்லை. பனிக்காலத்தில் கோழி குடிக்கிற தண்ணீர் ராத்திரியோடு ராத்திரியாக உறைந்து கல்லாகிவிடும். நம்ம ஊட்டியிலேயே டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற காலைகளில் வெளியே வைத்த பாத்திரத்தின் மேல் பனி ஆடை கட்டும். கனடா மாதிரி நாடுகளில் கேட்கவே வேண்டாம். டப்பாவுக்கு அடியில் கரண்டில் சூடாகும் தட்டு வைக்கிறார்கள். கவிழ்த்து ஒரு உதை விட்டால் ஐஸ் கழன்று விழுகிற மாதிரி ரப்பர் தொட்டி வைக்கிறார்கள். கரண்டு இல்லாதவர்கள் காலையிலும் சாயங்காலமும் வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரைத் தூக்கிக்கொண்டு முழங்கால் பனியில் நடக்கிறார்கள். ஏன் இவ்வளவு பாடு? ஐஸ் கண்ணுக்குத் தெரிகிறது. கோழி அதைக் கொத்துகிறது, சத்தம் கேட்கிறது. தண்ணீர் இல்லை என்பதை மறைக்க முடியாது.

நமக்கு அந்த வசதி இல்லை. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பமே 13.9 டிகிரிதான், அதுவும் நூறு வருஷத்துக்கு முன்னால். நம்ம ஊரில் தண்ணீர் உறையாது, கொதிக்கத்தான் செய்யும். ஆனால் 42 டிகிரி தண்ணீரும் பார்வைக்குத் தண்ணீர்தான். அதே நிறம், அதே மட்டம். எட்டிப் பார்த்துவிட்டு "தண்ணி இருக்கு" என்று கீழே இறங்கிவிடுகிறோம். கல்லாக உறைந்த தண்ணீரும் குடிக்க முடியாத சூட்டில் இருக்கிற தண்ணீரும் கோழிக்கு ஒன்றுதான். அங்கே அவன் பனியில் வாளி தூக்குகிறான். இங்கே நம்மால் ஒரு மாடிப்படி ஏற முடியவில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "நாட்டுக்கோழி சார், எல்லாத்தையும் தாங்கும்." வீடியோவில் பேசுகிற பையன்களும் இதையேதான் சொல்கிறார்கள். எனக்கு இந்த வார்த்தையைக் கேட்டால்தான் கோபம் அதிகமாக வருகிறது.

நாட்டுக்கோழி தாங்கும். எப்படித் தாங்கியது என்று நம்ம வயசுக்காரர்களுக்குத் தெரியும். 1960, 70-களில் இந்தப் பக்கம் எப்படி இருந்தது? கிணறு, துவைக்கிற கல், அதிலிருந்து ஓடுகிற தண்ணீர், அந்தத் தண்ணீரில் நாலு வாழை. வெயில் ஏற ஏறக் கோழி அங்கே போய்விடும். ஈர மண்ணைச் சீய்த்துக் குழி பண்ணி வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் மாட்டுத் தொட்டிக்கு அடியில், வைக்கோல் போருக்குப் பின்னால், வேலிக்காத்தான் புதருக்குள். எங்கள் அம்மா உடைந்த பானையின் அடிப்பாதியைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் பாதி புதைத்து வைத்திருப்பார். குடம் சேந்தும்போதெல்லாம் அதில் ஒரு கை தண்ணீர் விழும். கோழிக்கென்று யாரும் தனியாக மெனக்கெடவில்லை. மெனக்கெட வேண்டிய அவசியம் இல்லை, கோழியே இடம் தேடிக்கொண்டது.

அந்தக் கோழி தாங்கியதில் பாதி அதன் உடம்பில் இருந்தது, மீதிப் பாதி அதன் காலில் இருந்தது. நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடியில் ஆறடிக்கு நாலடி வலைக் கூண்டில் அடைத்துத் தகரம் போட்டு மூடினீர்கள். கீழே சிமென்ட் தளம் அடுப்புக்கல் மாதிரி கொதிக்கிறது. அதன் காலை எடுத்துக்கொண்டவர் நீங்கள். அப்படியானால் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் தேடித் தர வேண்டிய வேலையும் உங்களுடையது. "நாட்டுக்கோழி தாங்கும்" என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது.

கோழி உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. நமக்கு வியர்த்து, அது காய்ந்து உடம்பு குளிர்கிறது. கோழிக்கு இறகுப் போர்வை வேறு. அதனால் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. தொண்டையிலும் நுரையீரலிலும் இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே போகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. கொண்டையும் தாடியும் சிவப்பாக, இறகில்லாமல் இருக்கின்றனவே, அவை வழியாகவும் சூடு வெளியேறும். இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு நிற்பதும் காற்றுப் படத்தான். மொட்டைக் கழுத்துக் கோழி வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குவதற்கும் காரணம் இதுதான், கழுத்தில் போர்வை இல்லை.

மூச்சு வாங்கி வாங்கி ஈரத்தை வெளியே விடுகிறது என்றால் அந்த ஈரம் உள்ளே போக வேண்டாமா? குடித்தால்தானே வரும்? இன்னொரு கெடுதலும் உண்டு. வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் உள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு சேருவது குறைகிறது. மே மாதத்தில் தொட்டாலே உடைகிற மெல்லிய ஓட்டு முட்டை வருகிறதே, அது இதனால்தான். ஓட்டுக்குள் இருப்பதில் முக்கால் பங்கு தண்ணீர். தண்ணீர் உள்ளே போகாவிட்டால் முட்டை எங்கிருந்து வரும்?

இந்த இடத்தில்தான் வியாபாரம் நுழைகிறது. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்மணி, கணவர் இல்லை, இருபது கோழி வைத்து முட்டை விற்றுச் செலவில் ஒரு பகுதியைச் சமாளிக்கிறார். போன வருஷம் முட்டை குறைந்தது, ஓடு மெலிந்தது. கடையில் போய்க் கேட்டிருக்கிறார். கால்சியம் டானிக், வைட்டமின் டானிக், ஈரல் டானிக் என்று மூன்று பாட்டில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். 700 ரூபாய்க்கு மேல். எல்லாவற்றையும் தண்ணீரில் கலந்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எந்தத் தண்ணீரில்? கோழி வாய் வைக்காத அதே சூட்டுத் தண்ணீரில். 700 ரூபாய் அப்படியே டப்பாவில் நின்று நொதித்துப் போனது. "தண்ணியை எங்கே வைக்கிறீங்க?" என்று கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அதைக் கேட்டால் பாட்டில் விற்காது. டானிக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெயில் காலத்தில் உப்புச் சத்துக் கலந்து கொடுக்கச் சொல்லி டாக்டர் சொன்னால் கொடுங்கள். முதலில் கோழி குடிக்கட்டும்.

இதைவிட மோசம் தடுப்பு மருந்து விஷயம். வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய்க்குக் குஞ்சுப் பருவத்திலிருந்தே தடுப்பு மருந்து உண்டு. 1926-இல் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரில் கண்டறியப்பட்ட நோய், அடுத்த ஓரிரு வருஷத்தில் நம் நாட்டில் ராணிக்கெட்டில் தெரிந்தது. அந்தப் பெயரே இங்கே நிலைத்துவிட்டது. வந்தால் கூண்டையே காலி செய்யும். இந்தத் தடுப்பு மருந்தில் ஒரு வகையைக் குடிதண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். அது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த மருந்து. குளிர்ந்த, குளோரின் இல்லாத தண்ணீரில் கலக்க வேண்டும், கொஞ்சம் பால் பவுடர் சேர்க்க வேண்டும், ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கோழி குடித்து முடிக்க வேண்டும். சூடான தண்ணீரில் கலந்தால் மருந்து வீண். மருந்து கொடுத்தாகிவிட்டது என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், கோழிக்குப் பாதுகாப்பு இருக்காது. பிறகு நோய் வந்தால் "ஊசி மருந்தெல்லாம் ஏமாத்து" என்று பேச்சு. ஏமாற்றியது தண்ணீர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செத்த கோழியெல்லாம் வெயிலில் செத்தது என்றும் நினைத்துவிடக் கூடாது. வெயிலில் போகிற கோழி பெரும்பாலும் மத்தியானம், சாயங்காலத்துக்குள் போகும். நல்ல கொழுத்த, நன்றாக முட்டையிடுகிற கோழிதான் முதலில் போகும். வாய் திறந்து, இறக்கை விரிந்து கிடக்கும். கழிச்சல் என்றால் பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், நாள் கணக்கில் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். சந்தேகம் இருந்தால் செத்த கோழியைப் பையில் போட்டு அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். குப்பைத் தொட்டியில் வீசிவிட்டுத் திருஷ்டி கழிப்பதால் மிச்ச கோழி பிழைக்காது.

சரி, குளிர்ந்த தண்ணீருக்கு எங்கே போவது? ஃப்ரிட்ஜ் தேவையில்லை. மண் சட்டி போதும்.

மண் சட்டி என்றதும் "பழங்காலத்து ஆளு" என்று சிரிப்பவர்களுக்குக் கணக்காகவே சொல்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோகலோரி சூடு வேண்டும். அதே சூட்டை எடுத்துவிட்டால் 58 லிட்டர் தண்ணீர் 10 டிகிரி குளிர்ந்துவிடும். சட்டியின் சுவரில் உள்ள நுண்துளை வழியாக நீர் கசிகிறது, வெளியே ஆவியாகிறது, அதற்கு வேண்டிய சூட்டை உள்ளே இருக்கிற தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கோழி மூச்சு வாங்கிக் குளிர்வதும் சட்டி கசிந்து குளிர்வதும் ஒரே வேலைதான். அந்த 42 டிகிரியை அளந்த அன்று, அடுத்த கால் மணி நேரத்தில் எங்கள் வீட்டு முருங்கை நிழலில் இருந்த சட்டியையும் அளந்தேன். 30 டிகிரி. கரண்டு இல்லை, காசு இல்லை, 12 டிகிரி வித்தியாசம்.

"சென்னையில் காற்றில் ஈரம் அதிகம், மண்பானை வேலை செய்யாது" என்று ஒரு நண்பர் மறுத்தார். அவர் இருப்பது பெசன்ட் நகரில். அவருக்கு அது ஓரளவு சரி. நாம் இருப்பது கடலிலிருந்து இருபது கிலோமீட்டர் மேற்கே. கடல்காற்று கரையில் உச்சி வேளையிலேயே நுழைந்துவிடும். நம்ம பக்கம் வந்து சேர நேரமாகும், சில நாள் வராமலே போகும். அதுவரைக்கும் மேற்கிலிருந்து காய்ந்த காற்றுதான் அடிக்கிறது. அதனால்தான் நமக்கு வெயில் அதிகம். அதே காய்ந்த காற்றில்தான் மண் சட்டி நன்றாக வேலை செய்யும். கடல்காற்று வந்தால் சட்டி கொஞ்சம் மந்தமாகும், ஆனால் வெயிலும் அதோடு இறங்கிவிடும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது நினைவிருக்கும். நுங்கம்பாக்கத்திலேயே 45 என்றால் நம்ம பக்கத்துத் தகரக் கூரைக்கு அடியில் என்ன இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொருவர், "நான் நிப்பிள் போட்டிருக்கேன், நாமக்கல் பண்ணையில எல்லாம் அதான்" என்றார். நாமக்கல் பெரிய பண்ணைகளில் நிப்பிள்தான், உண்மை. ஆனால் அங்கே கோடை வந்தால் கூரை மேல் தண்ணீர் தெளிப்பான் ஓடும், கூரைக்குத் தென்னங்கீற்று ஏறும், தண்ணீர்த் தொட்டிக்கு நிழல் இருக்கும், குழாயில் நின்று சூடான தண்ணீரைத் திறந்து வெளியே விடுவார்கள். ஆயிரக்கணக்கில் கோழி இருக்கிற இடத்தில் ஒரு மத்தியானம் அசந்தால் நஷ்டம் கணக்கில் வந்து நிற்கும். நீங்கள் அங்கிருந்து நிப்பிளை மட்டும் எடுத்து வந்து, மாடியில் கறுப்பு டேங்கிலிருந்து வெயிலில் இருபதடி குழாய் இழுத்து மாட்டியிருக்கிறீர்கள். அதற்குப் பெயர் சோலார் ஹீட்டர்.

அப்புறம், ஆர்ஓ மெஷினில் கழிந்து வெளியே வருகிற தண்ணீரைக் கோழிக்கு ஊற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "வீணாக்காம கோழிக்கு விடறேன் சார்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நம்ம பக்கத்துப் போர் தண்ணீரே பல இடங்களில் உப்பு. அதில் உள்ள உப்பையெல்லாம் பிரித்துச் சேர்த்து அனுப்புவதுதான் அந்தக் கழிவுத் தண்ணீர். வெயிலில் இரண்டு மடங்கு குடிக்க வேண்டிய உயிருக்கு அதையா கொடுப்பது? அதில் மாடிப்படி கழுவுங்கள்.

செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றும் இல்லை. பெயின்ட் அடிக்காத, எண்ணெய் பூசாத மண் சட்டி நாலு வாங்குங்கள். பூ போட்டுக் கலர் அடித்து விற்கிறார்களே, அது வேண்டாம். துளையெல்லாம் அடைந்து போயிருக்கும், அதற்கு பிளாஸ்டிக்கே பரவாயில்லை. புதுச் சட்டியை ஒரு நாள் தண்ணீரில் ஊறப் போடுங்கள். இரண்டு சட்டி உபயோகத்தில், இரண்டு வெயிலில் காய்ச்சலில் என்று மாற்றி மாற்றி வையுங்கள். பாசி பிடித்தால் தேங்காய் நாரும் கல் உப்பும் போட்டுத் தேய்த்தால் போதும், சோப்பு வேண்டாம். உப்புத் தண்ணீரில் நாளாக ஆகத் துளை அடைந்து கசிவு நின்றுவிடும். அப்போது புதிதாக வாங்குங்கள். ஒரு டானிக் பாட்டில் விலையில் ஒரு கோடைக்கு வேண்டிய சட்டி வந்துவிடும்.

சட்டி அகலமாக, கோழி தாடி நனைகிற அளவு ஆழமாக இருக்கட்டும். கூண்டுக்கு ஒன்று போதாது. பலசாலிக் கோழி ஒன்று சட்டியை மறித்துக்கொண்டு நிற்கும், ஒடுங்கியது கிட்டேயே வராது. தள்ளித் தள்ளி இரண்டு வையுங்கள். தகரத்துக்கு மேல் தென்னங்கீற்றோ ஈரக் கோணிச் சாக்கோ போடுங்கள். சட்டிக்கு அடியில் ஈர மணல் கொட்டுங்கள். கீழே இடம் இருப்பவர்கள் வெயில் முடிகிற வரைக்கும் கோழியைக் கீழே மரத்தடிக்கு இறக்கிவிடுங்கள், அதைப் போல உபகாரம் வேறில்லை.

தண்ணீரை மூன்று முறை மாற்ற வேண்டும். காலை 6, முன்பகல் 11, மத்தியானம் 2. மாடி டேங்கிலிருந்து பிடிக்காமல் கிணற்றிலிருந்தோ கீழே சம்ப்பிலிருந்தோ எடுங்கள். தீவனத்தை விடியற்காலையிலும் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகும் போடுங்கள். தின்றது செரிக்கும்போதும் உடம்பில் சூடு உண்டாகும், உச்சி வேளையில் அது வேண்டாம். துவண்டு விழுந்த கோழியை ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய்க் காலைச் சாதாரணத் தண்ணீரில் நனைத்து விசிறுங்கள், நினைவு வந்த பிறகு குடிக்க வையுங்கள். ஒரு விதிவிலக்கு: பொரித்து முதல் வாரத்துக் குஞ்சுகளுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஆகாது. அவற்றுக்கு அறைச் சூட்டுத் தண்ணீர், சின்னத் தட்டில், முழுகிப் போகாமல் இருக்கக் கூழாங்கல் போட்டு.

எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு இருபது நிமிஷ வேலை. கத்திரி நாட்கள் இருபத்தைந்து. முன்னும் பின்னும் சேர்த்தால் இரண்டு மாதம். "மத்தியானம் ரெண்டு மணிக்கு மாடி ஏறணுமா சார், வெயில் தாங்கல" என்கிறார்கள். ஐயா, உங்களுக்கு வெயில் தாங்கவில்லை என்று நீங்கள் ஏற மறுக்கிற அதே மாடியில்தான் அது காலையிலிருந்து நிற்கிறது. அதனால் படி இறங்கி வர முடியாது.

இரண்டு மணிக்கு ஏற முடியாதவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், பக்கத்து வீட்டில் ஒரு ஆளைச் சொல்லி வையுங்கள், முட்டையில் பங்கு கொடுங்கள். அதுவும் முடியாதென்றால் இந்தக் கோடைக்கு முன்னால் கோழிகளைக் கொடுத்துவிடுங்கள். கடையில் முட்டை வாங்கிக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது. வைத்துக்கொள்கிறவர்கள் நாளைக்கு மத்தியானம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். மேலே போய்க் கோழி டப்பாவில் உங்கள் விரலை விட்டுப் பாருங்கள். அந்தத் தண்ணீரை ஒரு டம்ளர் நீங்கள் குடிப்பீர்கள் என்றால் கோழிக்கும் வையுங்கள். குடிக்க மாட்டீர்கள் என்றால் உடனே கொட்டிவிட்டு வேறு வையுங்கள்.